பத்து நிமிடம், ஒரு பாய் அளவு இடம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை என்பது பிறகு எக்ஸ்ரே எடுத்தபோது தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். இடுப்பைப் பிடித்து இழுத்தேன். ஈரத் தரையில் நானும் சறுக்கினேன். அம்மா பாவாடையை மார்புவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலியைவிடப் பெரிதாக ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஆம்பளையாளக் கூப்பிட்டுறாத."

கூப்பிடத்தான் வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர். முகத்தைத் திருப்பிக்கொண்டே, நான் போர்த்திய துண்டோடு சேர்த்து அம்மாவை ஒரு மூச்சில் தூக்கிக் கட்டிலில் விட்டுவிட்டுப் போனார். அன்று முழுவதும் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்போது எனக்கு 47 வயது. கல்லூரி வகுப்புகளில் 'என் உடல் என்னுடையது' என்று பல ஆண்டுகளாகப் பேசிவந்தவள். என்னுடையது என்று சொல்லிக்கொண்ட அந்த உடலால் என் அம்மாவைத் தரையிலிருந்து ஒரு முழம்கூட உயர்த்த முடியவில்லை.

மருத்துவமனையில் பிசியோதெரபி பார்த்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைத் தேற்றவில்லை. "நீங்க அப்படி இழுத்திருக்கவே கூடாது" என்றார். விழுந்தவரை முதலில் ஒருக்களிக்கச் செய்து, முழங்காலில் நிறுத்தி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, அதைப் பிடித்து அவரையே எழவைக்கும் முறையைக் காட்டினார். அதற்கு அம்மாவின் தொடையில் வலு வேண்டும், துணை நிற்கும் என் முதுகிலும் காலிலும் வலு வேண்டும் என்றார். "தினம் பத்து நிமிஷம் போதும்மா. ஆனா தினம்."

அப்படித்தான் அந்தப் பத்து நிமிடத்தைத் தேடிக் கைப்பேசியைத் திறந்தேன். நான் இலக்கியம் படித்தவள். எதைப் பார்த்தாலும் முதலில் சொல்லைப் பார்ப்பேன். பெண்களுக்கான வீட்டுப் பயிற்சிக் காணொளிகளின் தலைப்புகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினேன். தொப்பை குறைய. தொடை மெலிய. இடுப்புச் சதை கரைய. கைச்சதை ஒடுங்க. பிரசவத்துக்கு முந்தைய உடம்பு திரும்ப. பிறகு ஆண்களுக்கானவற்றை எழுதினேன். மார்பை விரிக்க. புஜத்தை ஏற்ற. உடம்பை முறுக்கேற்ற. தசை வளர்க்க. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விமர்சனமே தேவையில்லை. பெண்ணுக்கு உரிய வினைச்சொற்கள் எல்லாம் கழித்தல் கணக்கு. ஆணுக்கு உரியவை கூட்டல் கணக்கு. வியர்வை இருவருக்கும் ஒன்றுதான். முடிவில் அவன் இன்னும் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ள வேண்டும், அவள் இன்னும் கொஞ்சம் இடத்தைக் காலிசெய்ய வேண்டும்.

இந்தச் சொற்கள் பொய்யும் சொல்கின்றன. ஓர் இடத்துத் தசைக்கு வேலை கொடுத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது; உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. ஆனால் அந்த இடத்துத் தசையை வலுவாக்க முடியும். ஆக, நடக்கக்கூடியதைச் சொல்லாமல் விட்டு நடக்காததைத் தலைப்பாக்குகிறார்கள். மூன்று வாரம் செய்துவிட்டுத் தொப்பை குறையவில்லை என்று நிறுத்தும் பெண்ணிடம், 'இப்போது கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிகிறதா?' என்று யாரும் கேட்பதில்லை. அவளே அதைக் கேட்டுக்கொள்ளாதபடி அளவுகோலை இடுப்பு நாடாவில் கட்டிவைத்திருக்கிறார்கள்.

ஒரே அசைவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவதை, வலுவுக்காக ஆண்கள் செய்தால் பஸ்கி என்கிறோம். பள்ளியில் தண்டனையாகவும் பிள்ளையார் முன் பக்தியாகவும் செய்தால் தோப்புக்கரணம் என்கிறோம். எங்கள் பள்ளியில் தோப்புக்கரணம் போடாத பெண் இல்லை. பஸ்கி எடுத்த பெண்ணை நான் பார்த்ததில்லை. தொடைக்கு இரண்டும் ஒன்றுதான்.

'வீட்டிலேயே, சில நிமிடங்களில்' என்ற வாக்குறுதி கைப்பேசிக்கு முந்தையது. 1950களின் இறுதியில் கனடிய விமானப்படை தன் ஆட்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 5பிஎக்ஸ் என்று பெயர். வகுத்தவர் பில் ஆர்பன். வடகனடாவின் தொலைதூரத் தளங்களில் உடற்பயிற்சிக்கூடம் கிடையாது. அதனால் கருவி வேண்டாம், அறையின் தரை போதும், ஐந்து பயிற்சிகள், நாளுக்கு 11 நிமிடம். எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதைவிட எவ்வளவு தீவிரமாகச் செய்கிறோம் என்பது முக்கியம் என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. அதைத் தொடர்ந்து பெண்களுக்கான எக்ஸ்பிஎக்ஸ் வந்தது: பத்துப் பயிற்சிகள், 12 நிமிடம். இரண்டும் ஒரே நூலாக அச்சாகி உலகெங்கும் விற்றன.

அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அது படிக்கட்டுபோல் மேலே போகும் அட்டவணை. நேரம் மாறாது, அதே நேரத்துக்குள் செய்யும் எண்ணிக்கை கூடும், பயிற்சி கடினமாகும். ஒரு பெண்ணின் உடம்புக்கு ஏறுமுகமான எண்ணைக் கொடுத்த நூல் அது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை வாசிக்கும்போது ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. விமானப்படைக்காரனுக்கு அந்த 11 நிமிடம் ஏன் தேவைப்பட்டது? அவன் ஊர் விட்டு ஊர் தாண்டிய தளத்தில் பணியமர்த்தப்பட்டிருந்தான். பணிமாற்றம் வந்தால் நகரத்துக்குப் போவான், கூடத்துக்குப் போவான், மைதானத்துக்குப் போவான். வீட்டுப் பெண்ணுக்கு ஏன் 12 நிமிடம்? அவளுக்கு வீடே தொலைதூரத் தளம். அங்கிருந்து பணிமாற்றம் கிடையாது.

1982இல் ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி வீடியோ வந்தது. கூடங்களில் ஆண்களின் பார்வைக்குக் கூசிய எத்தனையோ அமெரிக்கப் பெண்கள், வரவேற்பறையில் மேசையை ஒதுக்கிவிட்டு முதன்முறையாக வியர்த்தார்கள். அந்த நிறுவனத்தின் வருமானம் அவரும் அவர் கணவரும் நடத்திய அரசியல் இயக்கத்துக்குப் போனது. பெண்கள் மூச்சிரைப்பதையும் வியர்ப்பதையும் வெட்கமில்லாத காரியமாக்கியதில் அந்த வீடியோவுக்குப் பங்கு உண்டு. அதே ஃபோண்டா பல ஆண்டுகள் உண்டதை வாந்தியெடுக்கும் நோயோடு வாழ்ந்ததைப் பின்னாளில் தானே வெளிப்படையாகச் சொன்னார். கண்ணாடியில் யாரைப் பார்த்து அத்தனை பெண்கள் ஏங்கினார்களோ, அவரும் அதே கண்ணாடிமுன் நின்றவர்தான். மெலிதலும் வலுவும் ஒரே உடையில் வந்தால் பெரும்பாலும் மெலிதல்தான் வெல்கிறது. அதை நமக்கு விற்பது எளிது.

"இதெல்லாம் எதுக்கு? அந்தக் காலத்துல நம்ம பொம்பளைங்க அம்மியில அரைச்சாங்க, உரல்ல இடிச்சாங்க, அதுவே உடற்பயிற்சி" என்ற வாதத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். குடும்பக் கூட்டங்களிலும், பட்டிமன்றங்களிலும், காலை வணக்கச் செய்திகளிலும் அது ஓயாமல் வருகிறது. சொல்பவர்களில் அம்மியில் அரைத்தவர்களை நான் கண்டதில்லை. என் அப்பத்தா அரைத்தவர். கைகள் முறுக்கிய கயிறுபோல் இருந்தன என்பது உண்மை. அறுபதுக்குள் முதுகு கூனி, இரவில் தோளுக்குத் தைலம் தேய்க்கச் சொல்வார் என்பதும் உண்மை.

உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல. பயிற்சியில் பாரத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன். இரண்டு பக்கமும் மாற்றிச் செய்கிறேன். வலித்தால் நிறுத்துகிறேன். ஒருநாள் வேலை வாங்கிய தசைக்கு மறுநாள் ஓய்வு தருகிறேன். அந்த ஓய்விலும் அதற்குப் பின் உண்ணும் உணவிலும்தான் தசை கட்டப்படுகிறது. அப்பத்தாவுக்குப் பாரத்தைத் தேர்ந்தெடுத்தது வீட்டின் பசி. அவருக்கு ஓய்வுநாள் கிடையாது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் ஒட்டியிருந்த குழம்புதான் அவர் பங்கு. அம்மியைப் புகழ்கிறவர்கள் அப்பத்தாவின் வலுவைப் புகழவில்லை. அவர் சம்பளமில்லாமல் செய்த வேலைக்கு ஆரோக்கியம் என்று பெயர் சூட்டி, பாக்கியைத் தீர்த்ததாகக் கணக்கெழுதுகிறார்கள்.

வேலை இன்றும் குறையவில்லை. 2019இல் எடுக்கப்பட்ட இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணிநேரத்தை வீட்டுக்குக் கொடுத்தவளிடம்தான் 'உனக்காகப் பத்து நிமிடம்கூட ஒதுக்க முடியாதா?' என்று தாயன்போடு கேட்கிறது காணொளி. மீதிப் பொழுது எங்கே போனது, யார் எடுத்துக்கொண்டார் என்ற கேள்வி அந்த அன்புக்குள் காணாமல் போகிறது. பத்து நிமிடம் என்பது உடலியலின் அளவு மட்டுமல்ல. வீட்டின் தயவில் மிஞ்சிய நேரத்தின் அளவும்கூட.

ஆனாலும் அந்த மிச்சத்தை வேண்டாம் என்று நான் தள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கின்றன. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனை அதில் நீக்கப்பட்டது. துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். பத்து நிமிடம் எல்லாவற்றுக்கும் போதாது. ஆனால் ஒன்றுமில்லாததற்கும் பத்து நிமிடத்துக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும். தசையும் ஆண்டுக்காண்டு கரையும். நான் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து. மல்லாந்து படுத்துக் கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துவது பத்து. இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடப்பது. மீண்டும் முதலிலிருந்து. எளிதானால் நாற்காலியைவிடத் தாழ்ந்த மணைக்கட்டை. சுவருக்குப் பதில் கட்டில் விளிம்பு, பிறகு தரை. பாரம் கூடாவிட்டால் வலு கூடாது. எல்லாப் பயிற்சிக்கும் அடிப்படை இதுதான்.

முதல் நாள் நடந்ததை மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன். கால்களை இடுப்பளவு அகட்டி நின்று உட்கார வேண்டும். உட்காரப் போனபோது என் முழங்கால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. பத்து வயதில் 'கால அகட்டி உக்காராத' என்று சொன்ன குரல்கள் எல்லாம் என் தொடைக்குள் அப்படியே இருந்தன. ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய 'பெண்பிள்ளைபோல் எறிதல்' என்ற கட்டுரையைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். சிறுமிகள் எறியும்போதும் தாண்டும்போதும் முழு உடம்பையும் அசைவுக்குள் கொண்டுவருவதில்லை; தன்னைச் சுற்றி ஒரு கோட்டை வரைந்துகொண்டு அதற்குள்ளேயே அசைகிறார்கள்; காரணம் எலும்பல்ல, தன் உடம்பைப் பார்க்கப்படும் பொருளாக வாழப் பழகியது என்பார் யங். நடத்தியபோது அது எனக்கு ஒரு கோட்பாடு. மணைக்கட்டைக்கு மேலே முழங்கால் நடுங்கியபடி நின்ற அன்றுதான் அது என் உடம்பைப் பற்றிய செய்தி என்று புரிந்தது.

பெண்களுக்கான பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 2000இல், சிட்னியில். ஆண்களுக்கு அது 1896இன் முதல் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. அந்த சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். ஒரு பெண் தன் எடையைவிட எவ்வளவு அதிகம் தூக்கினாள் என்பது அன்று செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. நம் வீடுகளில் பெண்ணின் கிலோ என்றால் இன்றும் அவள் எடைதான். அவள் தூக்கும் எடையல்ல.

இந்தப் பத்து நிமிடத்தின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21), 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. ரத்தமில்லாத பெண்ணிடம் 'சோம்பலை விடு, எழுந்து குதி' என்பது அறிவுரையல்ல, வசவு. அவளுக்கு முதலில் இரும்புச்சத்தும், தட்டில் முட்டையோ பருப்போ பயறோ வேண்டும்; வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் வழக்கம் ஒழிய வேண்டும். அதேபோல, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு நான் இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்க மாட்டேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டத்திருத்தம் வந்தது. அவள் உடம்புக்கு அந்த நாற்காலி உட்கார்ந்து எழுவதற்கல்ல, உட்காருவதற்கு. உடற்பயிற்சி பற்றிய எந்தப் பெண்ணியப் பேச்சும் ஓய்வைப் பற்றியும் பேச வேண்டும். இல்லாவிட்டால் அது அம்மியைப் புகழ்கிறவர்களின் பேச்சாகவே முடியும்.

ஆகவே இந்தப் புத்தகத்தை வாசிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சி செய்யுங்கள், ஆனால் நோட்டில் எழுதும் எண்ணை மாற்றுங்கள். இடுப்பு எத்தனை அங்குலம் என்று எழுத வேண்டாம். எத்தனை முறை எழுந்தீர்கள், எவ்வளவு தூக்கினீர்கள், எத்தனை மாடி ஏறியபின் மூச்சு வாங்கியது என்று எழுதுங்கள். எந்தக் காணொளியை, நூலை, ஆசிரியரை எடுத்தாலும் ஒரு சோதனை வையுங்கள்: இது என்னிடம் எதைக் கூட்டச் சொல்கிறது, எதைக் கழிக்கச் சொல்கிறது? பிறகு இரண்டாவது கேள்வி: ஏன் வீட்டுக்குள்? விடுதி மொட்டைமாடி இருக்கிறது, கல்லூரி மைதானம் இருக்கிறது, தெருமுனைப் பூங்கா இருக்கிறது. வீட்டில் தொடங்கலாம். அங்கேயே முடித்துக்கொள்ள நாம் விமானப்படைத் தளத்தில் இல்லை.

அம்மா இப்போது என்னோடு உட்கார்ந்து எழுகிறார். நாளுக்கு ஐந்து முறை தொடங்கியது பன்னிரண்டாகியிருக்கிறது. தம்பி வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் மட்டும் செய்ய மாட்டார்; "அவன் இருக்கான்ல" என்பார். அதை நான் இன்னும் வென்றபாடில்லை. என் அறைக் கதவை நானும் இன்னும் சாத்தியேதான் வைத்திருக்கிறேன் என்பதால் அவரைக் குறைசொல்லும் தகுதியும் எனக்கில்லை.

போன மாதம் பாயிலிருந்து எழும்போது அம்மா ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டார். பழக்கத்தில் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. ஒருக்களித்து, முழங்காலில் நின்று, "அந்த நாற்காலியை இப்படித் தள்ளு" என்றார். தள்ளினேன். பிடித்துக்கொண்டு எழுந்தார். மூச்சு வாங்கியது. சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இதையும் சேத்து எழுதிக்க. இன்னைக்குப் பதிமூணு."